தெசாரஸ்: ஒரு கருவூலத்தின் பெயர்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க முனைபவர் கைக்கு அகராதிக்கு அடுத்தபடியாக வந்து சேருவது தெசாரஸ். ஒரே பொருளைச் சுற்றிவரும் சொற்களைத் திரட்டித் தரும் நூலை இன்று அப்படி அழைக்கிறோம். பெயரின் வேரில் இந்தப் பொருள் இல்லை.

கிரேக்கத்தில் 'தெசௌரோஸ்' என்றால் சேமிப்பறை, கருவூலம். டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலுக்கு ஏறும் வழியில், ஏதென்ஸ் நகரத்தார் காணிக்கைகளை வைக்கக் கட்டிய மண்டபத்துக்கும் இதே பெயர்தான். இலத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் தேய்ந்து, 'ட்ரெஷர்' என்று ஆங்கிலத்துக்குள் வந்தது இந்தச் சொல்லே. தேயாத இலத்தீன் வடிவத்தைப் பின்னாளில் படித்தவர்கள் நேராக எடுத்துக்கொண்டார்கள். தமிழில் சொற்களஞ்சியம் என்றது எத்தனை பொருத்தம்!

16ஆம் நூற்றாண்டில் பேரகராதிகளுக்கு இது பட்டம் போல. தாமஸ் கூப்பர் 1565இல் வெளியிட்ட இலத்தீன்-ஆங்கில அகராதியின் தலைப்பும் தெசாரஸ் என்றே தொடங்கும்.

பொருளைத் திசைதிருப்பியவர் ஒரு மருத்துவர். 1779இல் லண்டனில் பிறந்த பீட்டர் மார்க் ரோஷே, 1805 வாக்கில் தம் எழுத்து வேலைக்கென்று ஒரு சிறு சொற்பட்டியல் தொகுத்து வைத்திருந்தார். அதை விரித்து நூலாக்கியது 1852இல், தமது 73ஆம் வயதில். அகரவரிசையைக் கைவிட்டு, வெளி, பருப்பொருள், அறிவு, உணர்ச்சி முதலிய ஆறு பெரும்பிரிவுகளில் கருத்துகளை வகுத்தார். அகராதி சொல்லிலிருந்து பொருளுக்குக் கூட்டிப்போகும். இவர் பொருளிலிருந்து சொல்லுக்கு வழி போட்டார்.

தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று தொகுதி தொகுதியாகச் செல்லும் தமிழ் நிகண்டான திவாகரத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. வடமொழி அமரகோசமும் அந்த வழிதான். ரோஷே அதை அறிந்திருந்தார். கோல்புரூக் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1808இல் செராம்பூரில் அச்சானதை முன்னுரை அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு, அதன் வகைப்பாடு குழப்பமானது என்று ஒதுக்கிவிடுகிறார். மனப்பாடத்துக்கென்று செய்யுளில் ஆன நூலிடம் தத்துவ ஒழுங்கைத் தேடினால் குழப்பமாகத்தானே தெரியும்?

தேர்வுக்குப் படிப்பவர்கள் எளிய சொல்லை அடித்துவிட்டு மிடுக்கான சொல்லைப் போடத் தெசாரஸைப் புரட்டுகிறார்கள். ரோஷேயின் பட்டியலில் சொற்களுக்கு விளக்கமே கிடையாது. பாதி தெரிந்த சொல்லை நினைவுக்குக் கொண்டுவரத்தான் அது உதவும். முன்பின் பார்த்திராத சொல்லை அதிலிருந்து எடுத்தால், அகராதியில் பொருள் பாருங்கள்; நல்ல உரைநடையில் அது எப்படி வருகிறதென்று படித்துவிட்டு எழுதுங்கள்.