உலர் பசுமைமாறாக் காடுகள்: பழவேற்காடு – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி வளரும் குட்டையான, அடர்ந்த இயற்கைக் காடு. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மழையில்லாமல் கழிந்தாலும் இக்காட்டின் பெரும்பாலான மரங்கள் ஒட்டுமொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. வனவியலாளர்களான சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது தனி வகையாக இடம்பெற்றுள்ளது. ஆனைமலை, களக்காடு மழைக்காடுகளைப் போல இதுவும் எப்போதும் பசுமையாக இருக்கும். ஆனால் மழைக்காடு மிகுதியான நீரைக் கையாளும் விதத்தில் அமைந்தது. உலர் பசுமைமாறாக் காடோ கிடைக்கும் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் விதத்தில் அமைந்தது.

பரவல்

விசாகப்பட்டினம் முதல் இராமநாதபுரம் வரையிலான கடலோரப் பட்டையில் இக்காடு துண்டு துண்டாகக் காணப்படுகிறது. கோடியக்கரை, மரக்காணம், சென்னை கிண்டி தேசியப் பூங்கா, புதுச்சேரியைச் சுற்றியுள்ள கோயில்காடுகள் ஆகியவை அறியப்பட்ட இடங்கள். இலங்கையின் வறண்ட வலயத்தில், வில்பத்து, யாலா காடுகளிலும் இவ்வகைக் காட்டுக்குரிய பாலை, வீரை மரங்களே ஓங்கி நிற்கின்றன.

வட தமிழகக் கரையை அடுத்து, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் இவ்வகைக் காட்டின் பெரும்பரப்பு எஞ்சியுள்ளது. தீவு இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஏரியின் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களில் பெரும்பாலும் இக்காட்டின் சிதைந்த வடிவமான முட்புதர்க்காடே மிஞ்சியிருக்கிறது.

மழையும் மண்ணும்

திருவள்ளூர் மாவட்டம் ஆண்டுக்குச் சுமார் 1,100 முதல் 1,200 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு பெய்யும் வெப்பச்சலன மழை கோடைக்கும் அடைமழைக்கும் நடுவே மரங்களுக்குக் கைகொடுக்கிறது. தை பிறந்தபின் மழை அரிது. மணலும் செம்மண்ணும் நீரை வேகமாக உள்ளே இறக்கிவிடுவதால், மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆழத்தில் உள்ள ஈரமும் கடற்காற்றின் ஈரப்பதமும்தான் காட்டைக் கோடையில் தாங்குகின்றன.

தாவரங்களின் தகவமைப்பு

மழைக்காட்டில் மரங்கள் 30 மீட்டருக்கு மேல் வளர்ந்து பல அடுக்குகளாக நிற்கும்; இங்கே பெரும்பாலான மரங்கள் 10 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. மழைக்காட்டு இலைகள் பலவற்றுக்கு நீர் வழிந்தோடக் கூரிய நுனி உண்டு. பாலை மரத்தின் இலையோ தடித்து, தோல்போல விறைப்பாக, நுனியில் சற்றே உள்வாங்கி இருக்கும். காம்பை ஒடித்தால் பால் வடியும். மெழுகுப் பூச்சுள்ள இத்தகைய இலை நீராவிப்போக்கைக் குறைக்கிறது. காசா, வீரை, குருந்து ஆகியவற்றின் இலைகளும் தடித்தவையே. இத்தகைய இலையை உருவாக்க மரத்துக்கு நிறைய சத்து செலவாகும். ஆண்டுதோறும் உதிர்த்துப் புதிதாக விடுவதைவிட, ஒரே இலையை நெடுநாள் வைத்துக்கொள்வது சத்துக் குறைந்த மண்ணில் ஆதாயம்.

கிளைகள் ஒன்றோடொன்று பின்னி அடர்ந்த கவிகையாவதால் தரையில் வெயில் குறைவாகவே விழும். சருகுப் படுகையின் ஈரமும் நெடுநாள் நிற்கும். கொடிகள் இக்காட்டில் மிகுதி. மோதிரக்கண்ணியின் பூக்காம்புகள் இணை இணையான கொக்கிகளாகச் சுருண்டு, அண்டைக் கிளையைப் பற்றியதும் தடித்து இறுகிவிடும். செங்காந்தள் இலைநுனியாலேயே பற்றி ஏறி, கோடையில் தண்டு பட்டுப்போனாலும் மண்ணுக்கடியில் கிழங்காகக் காத்திருக்கும்.

குட்டையான உருவமும் பல தண்டுகளும் புயலுக்கு ஈடுகொடுக்க உதவுகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, சென்னையில் வேரோடு சாய்ந்தவற்றில் குல்மொகர், தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளம்.

விலங்குகளின் பங்கு

இக்காட்டு மரங்களில் பல சதைப்பற்றுள்ள பழம் தருபவை. பாலை, நாவல், காரை, களா, சூரை ஆகியவற்றின் விதைகளைக் கொண்டைக்குருவி, குயில், பழந்தின்னி வௌவால், மரநாய், குள்ளநரி ஆகியவை பரப்புகின்றன. இலங்கைக் காடுகளில் பாலைப்பழக் காலத்தில் கரடிகள் மரமேறித் தின்கின்றன. நாவல் விதை உலர்ந்தால் சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். அது ஆனி, ஆடியில் பழுத்து விழுவதால் அடுத்து வரும் மழையில் முளைக்க வாய்ப்புக் கிடைக்கிறது. பழந்தின்னிகள் அற்றுப்போன காட்டில் விதைகள் தாய்மரத்தடியிலேயே குவிந்து மடியும்.

சருகை மண்ணாக்கும் வேலையில் கறையானுக்குப் பெரும்பங்கு உண்டு. முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் பறவை, ஓணான், தவளை அனைத்துக்கும் விருந்து. வளைதோண்டும் தவளை, பின்னங்காலில் உள்ள மண்வெட்டி போன்ற கடினமான மேட்டால் பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி இறங்கி, கோடை முழுதும் புதைந்து கிடக்கும். மழைநீர் தேங்கியதும் வெளிவந்து முட்டையிடும். வட இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்று குளிர்காலத்தை இத்தகைய காடுகளில் கழிக்கிறது.

மனிதரும் காடும்

ராக்கெட் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. வெளியார் நுழைவுக்குத் தடை வந்ததால் காட்டின் பெரும்பகுதி வெட்டுக்குத் தப்பியது. அதேவேளை, அக்காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரின் வாழ்க்கை குலைந்தது. பிற இடங்களில் கோயில்காடுகளே இம்மரங்களைக் காத்தன. விறகு வெட்டு, மேய்ச்சல், தைலமர, சவுக்குத் தோப்புகள், சீமைக் கருவேலம், பின்னர் தொழிற்பேட்டைகள் என ஒவ்வொன்றும் சமவெளிக் காட்டை அரித்தன.

வருவாய்ப் பதிவுகளில் புதர் என்றும் தரிசு என்றும் எளிதில் ஒதுக்கப்படுவதே இக்காட்டுக்கு நேர்ந்த பெருங்கேடு. பாலையும் கருங்காலியும் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய காடு ஒரு தலைமுறைக்குள் திரும்புவதில்லை. ஆனால் மீட்க முடியாதது அல்ல. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில், வறண்ட செம்மண் மேட்டில் உள்ளூர் இனங்களை நட்டு இக்காட்டை மீண்டும் உருவாக்கி வருகிறது.

கும்மிடிப்பூண்டிக்கும் இந்த மீட்பு வழி பொருந்தும். சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெரிய ஆலைகள் பொதுவாகத் தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பசுமை வளையமாக வைக்கவேண்டும். அங்கே அழகுமரங்களுக்குப் பதில் பாலை, வீரை, நாவல், மகிழம், குருந்து, காசா நட்டால், ஆண்டு முழுதும் தூசியைத் தாங்கும் இலைப்பரப்பும், காடு இழந்த பறவைகளுக்கு இரையும் ஒருங்கே கிடைக்கும். இதற்கு வேண்டிய விதை இன்னும் இவ்வட்டாரக் கோயில் தோப்புகளிலும் காப்புக்காடுகளிலும் இருக்கிறது. எஞ்சிய அத்துண்டுகளைக் காப்பதே மீட்பின் முதல் வேலை.