கோயில் சுவரில் எழுதியதும் கம்ப்யூட்டரில் எழுதுவதும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்குத் தம்மம்பட்டி வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். சிங்கப்பூரில் வேலை. "என்ன வேலைப்பா?" என்றேன். "பிம் டீச்சர்" என்றான். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கமாம். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். திரையில் ஒரு பெரிய கட்டடம். சுவரைத் தொட்டால் உள்ளே ஓடும் குழாய் தெரிகிறது. குழாயைத் தொட்டால் என்ன அளவு, யார் தயாரித்தது, என்றைக்குப் பொருத்தியது, அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்று எல்லாம் வருகிறது.

"கட்டுறதுக்கு மட்டும் இல்ல டீச்சர். கட்டி முடிச்சப்புறம் பராமரிக்கிறவங்களுக்குத்தான் இது ரொம்ப உதவும்" என்றான்.

எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வகுப்பறைத் தரையில் தண்ணீர் கசிந்தது. குழாய் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. வரைபடமும் இல்லை. மூன்று இடத்தில் தரையை உடைத்தும் பலனில்லை. கடைசியில் ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளரை வீட்டிலிருந்து கூட்டி வந்தோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க தோண்டுங்க டீச்சர்" என்று காலால் காட்டினார். அங்கேதான் இருந்தது. இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார். அந்தக் கட்டடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடே போய்விட்டது.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 1010-ல் ராஜராஜ சோழன் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். அவற்றை மன்னர் புகழ் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கோயிலை நடத்துவதற்கான பதிவேடும் அதில் இருக்கிறது. செப்புத் திருமேனிகளின் உயரம் முழக்கணக்கில், விரற்கணக்கில் இருக்கிறது. நகைகளின் எடை இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்ற கணக்கு இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்று முகவரியோடு இருக்கிறார்கள். கணக்கர், தச்சர், குயவர், விளக்கேற்றுபவர் எல்லோருக்கும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் உண்டு.

என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒன்று. பணியில் இருப்பவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும். இதையும் எழுதி வைத்தார்கள். ஆள் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இதற்கும் 90 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக்குழு வருகிறது. உறுப்பினர் ஆறு பேர், பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. பதிவும் பொறுப்பும் சேர்ந்தே இருந்தன.

வெள்ளைக்காரர் காலத்தில் பொதுப்பணித்துறை வந்தது, எம்-புக் வந்தது. நல்ல பழக்கம்தான். ஆனால் அது வேலையை அளந்து பில் போடுவதற்கான புத்தகம். அலுவலகத்திலேயே தங்கிவிடும். கட்டடத்தில் குடியிருப்பவர் கைக்கு வராது.

1975-ல் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன், ஒரு கட்டடத்தின் எல்லா விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று எழுதினார். இன்றைய பிம்முக்கு அதுவே வித்து. தகவல் ஒழுங்காகக் கைமாறாததால் அமெரிக்கக் கட்டடத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் நஷ்டம் என்று 2004-ல் அந்நாட்டு அரசு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, கட்டியவர்களுக்கு அல்ல, கட்டடத்தை வைத்துப் பராமரிப்பவர்களுக்கு! 1973-ல் திறந்த சிட்னி ஓபரா ஹவுஸைப் பராமரிக்க பிம் எப்படி உதவும் என்று ஆஸ்திரேலியர்கள் ஆராய்ந்து 2007-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோவை இந்த முறையில் கட்டினார்கள்.

பெரிய கட்டடங்கள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். என் கவலை நம் ஊர்ப் பள்ளிகள் மேல். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். செய்தி கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை வருடம் எத்தனை சுவர்களின் ஓரமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்! அந்தச் சுவர்களின் வயதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மென்பொருள் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு நோட்டும் போனும் போதும். வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்கு முன் குழாயும் ஒயரும் போகும் சுவரை டேப் வைத்துப் படம் எடுத்து, தேதி எழுதி, பத்திரத்தோடு வையுங்கள். இன்ஜினியராக இருக்கும் என் மாணவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, நீங்கள் படித்த பள்ளியை ஒரு நாள் சுற்றிப் பாருங்கள். எந்தச் சுவர் எப்போது கட்டியது, எங்கே விரிசல், மெயின் சுவிட்ச் எங்கே, குழாய் எப்படிப் போகிறது என்று வரைந்து கொடுங்கள்.

எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. வருடா வருடம் அதைத் திருத்த ஒருவர் பெயரையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அவருக்குப் பிறகு யார் என்பதையும் எழுதுங்கள். தஞ்சாவூர்ச் சுவர் சொல்லும் பாடம் அதுதான்.

யார் யார் செய்யப் போகிறீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். வழக்கம்போல வருகைப் பதிவு எடுப்பேன்.