கட்டிலுக்கு அடியில் இருந்த லேப்டாப்



2025 அக்டோபரில் பட்டுக்கோட்டையிலிருந்து தங்கை மகன் போன் செய்தான். "மாமா, நீங்க குடுத்த லேப்டாப்ல விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சிருச்சுன்னு வருது. இனிமே புதுசுதான் வாங்கணுமா?" என்று கேட்டான். லேப்டாப் ஓடுகிறதா என்று கேட்டேன். நன்றாக ஓடுகிறது என்றான். திரை உடையவில்லை, விசைப்பலகை தேயவில்லை, ஆனால் காலம் முடிந்துவிட்டது என்று அதுவே சொல்கிறது. ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "யோசிச்சு சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். அந்த யோசனைதான் இந்த மாதப் பேச்சு.

நான் இருப்பது குவைத்தில், அப்பாசியாவில். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஜிலீப் அல் ஷுயூக் என்ற பகுதி இருக்கிறது. அதில் ஒரு துண்டு அப்பாசியா. இந்தியர்கள் நெருக்கமாக வாழும் இடம். மலையாளிகள் அதிகம், நாமும் கணிசமாக இருக்கிறோம். தெருவுக்கு இரண்டு கார்கோ ஆபீஸ். அட்டைப் பெட்டியில் சாமான் கட்டி ஊருக்கு அனுப்பும் கடைகள் அவை. வளைகுடாவிலிருந்து ஊருக்கு என்ன போனது என்ற சரித்திரத்தை அந்தப் பெட்டிகளை வைத்தே எழுதிவிடலாம்.

என் சித்தப்பா காலத்தில் அது நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டர். அது கெட்டுப்போனால் யாரும் புதிது கேட்கவில்லை. ஊரில் ரேடியோ மெக்கானிக் இருந்தார். ஈயம் உருக்கும் கம்பியை வைத்துக்கொண்டு, பெல்ட் மாற்றி, ஹெட்டைத் துடைத்து, இருபது வருடம் ஓட்டினார்கள். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் வந்தபோது சித்தப்பா எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு பஸ் ஏறி அம்மான் போய் விமானம் பிடித்தார். அந்த இரண்டு மாதங்களில் ஏர் இந்தியா 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரை ஊருக்குக் கொண்டுசேர்த்தது. திரும்பி வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: கையில் தூக்க முடியாததை வாங்குவதில்லை. லேப்டாப் பிற்பாடு எங்கள் அறைகளில் சீக்கிரம் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் சுங்கத்துறை. 2004 ஜனவரியில் இந்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம், மற்ற சாமான்களுக்கான வரம்பில் அது சேராது. விமான நிலையத்தில் பயந்து பயந்து நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். லீவில் போகிற ஒவ்வொருவர் தோளிலும் கறுப்புப் பை ஏறியது. பலருக்கு அது சொந்த உபயோகத்துக்கு அல்ல. மைத்துனனுக்கு, அண்ணன் மகளுக்கு.

நான் முதல் லேப்டாப் வாங்கியது 2008-ல், ஹவல்லியில் இப்னு கல்தூன் தெருவில். குவைத்தில் கம்ப்யூட்டர் என்றால் அந்தத் தெருதான். கிட்டத்தட்ட 200 தினார். விசைகளில் ஆங்கில எழுத்தோடு அரபி எழுத்தும் பதித்திருந்தது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அது நகரவே சிரமப்பட்டதால், கடைக்காரரே எடுத்துவிட்டு எக்ஸ்பி போட்டுக் கொடுத்தார். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். ஊரில் அப்போது எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு யூனிகோடு தமிழ் உடைந்து உடைந்து தெரியும்; கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். என் லேப்டாப்பில் முதல் நாளே சரியாகத் தெரிந்தது. காரணம், எக்ஸ்பியில் சிக்கலான எழுத்து முறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிக் கட்டம்தான் இருந்தது. கடைக்காரர் அரபிக்காகப் போட்ட டிக்கில் தமிழும் சேர்ந்து வந்துவிட்டது. இகலப்பை நிறுவி, அரபி எழுத்துகளுக்கு நடுவே அம்மாவுக்குக் கடிதம் அடித்தேன்.

அந்தக் காலத்தில் பழைய லேப்டாப் என்று ஒன்று கிடையாது. இங்கே பழசானது ஊரில் புதுசு. புதியது வாங்கினால் பழையதை லீவில் கொண்டுபோய்க் கொடுப்போம். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் 2 படித்த பிள்ளைகளுக்கு நேரடியாகவே லேப்டாப் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் கல்ஃப் மாமாவின் பழைய லேப்டாப்புக்கு இருந்த மரியாதை அதோடு குறைந்தது. 2016-ல் நான் இரண்டாவது லேப்டாப் வாங்கியபோது 2008-ல் வாங்கியதைக் கேட்க ஊரில் ஆளில்லை. அது கட்டிலுக்கு அடியில் போனது.

நேயர்களே, வளைகுடாவில் லேப்டாப் எதனால் சாகிறது தெரியுமா? தூசியால். 2016 ஜூலை 21-ல் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி வெயில் பதிவானது. உலக வானிலை அமைப்பு அதை ஒப்புக்கொண்டது. அந்தச் சூட்டில் தூசிக்காற்றும் வீசும். ஜன்னலைச் சாத்தினாலும் மாவு போல உள்ளே வரும். லேப்டாப்பின் விசிறி அந்தத் தூசியை இழுத்து, வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி அடைத்துவிடும். பிராசசர் சூடானதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் "ஸ்லோ ஆயிடுச்சு, பழசாயிடுச்சு" என்று புதிது வாங்கப் போவோம். அடியில் நாலு திருகாணியைக் கழற்றி, பிரஷ்ஷால் துடைத்து, பிராசசர் மேல் காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினால் பாதி நோய் போய்விடும். என் கணக்கில், அப்பாசியாவில் தூக்கிப்போட்ட லேப்டாப்புகளில் பல மூச்சுமுட்டிச் செத்தவை.

2020-க்கு வருகிறேன். கொரோனா. மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் 6-ல் ஜிலீபையும் மஹ்பூலாவையும் அரசு தனிமைப்படுத்தியது. சாவடி போட்டார்கள், உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. இரண்டு வாரம் என்றார்கள், ஜூலை 9-ல்தான் திறந்தார்கள். மே 10 முதல் 30 வரை நாடு முழுக்க முழு ஊரடங்கு. என் கம்பெனியில் பாதிச் சம்பளம். இதற்கு நடுவில் பிள்ளைகளின் பள்ளி கணினி வழியாக வகுப்பைத் தொடங்கியது. மகள் 11-ஆம் வகுப்பு, மகன் 6. வீட்டில் இருந்தது ஒரு லேப்டாப். அதுவும் எனக்கு அலுவலக வேலைக்கு வேண்டும். ஹவல்லி கடைத்தெரு அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் அன்றைக்கு அது அமெரிக்கா மாதிரி. கையில் தினார் இருந்தாலும் புதிது வாங்க வழியில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து 2008-ஐ எடுத்தேன். சார்ஜர் செருகினால் விளக்கு எரிந்தது, ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. மேல்மாடியில் ஒரு மலையாளி சேட்டன். கம்ப்யூட்டர் ரிப்பேர் அவர் தொழில். படிக்கட்டில் முகக்கவசத்தோடு நின்று நிலைமையைச் சொன்னேன். திரை உடைந்த வேறொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டி ஒன்றையும் ஒரு பழைய மெமரி துண்டையும் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, தள்ளி நின்றபடியே எப்படிப் பூட்டுவது என்று மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தார்.

அது பொருந்தியதுதான் எனக்கு இன்றும் வியப்பு. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன சேமிப்பகம். 2008-ல் என்னைப் போன்றவர்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இரண்டரை அங்குல அளவில், சாட்டா என்ற அதே இணைப்பில் சென்று உட்கார்ந்தது. மெமரி போட அடியில் தனிக் கதவே இருந்தது. இரண்டு ஜிபி நான்கானது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். முதல் தடவை கேமரா விளக்கு எரிந்து மகள் முகம் திரையில் தெரிந்தபோது, என் மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தார். பன்னிரண்டு வயது லேப்டாப். இரண்டு வருடம், பிளஸ் 2 முடியும் வரை, அதில்தான் படித்தாள். பேட்டரி செத்துவிட்டதால் செருகியே இருக்க வேண்டும். கரண்ட் வயரில் யாராவது கால் தட்டினால் வகுப்பு போச்சு!

இதே வைத்தியத்தை இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் செய்ய முடியாது. 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரோடு ஒல்லி மோகத்தைக் கிளப்பியது. 2012-ல் ஆப்பிள் தன் மேக்புக் புரோவில் மெமரியை மதர்போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தது. பிறகு பலரும் அந்த வழியில் போனார்கள். அடிக்கதவு மறைந்தது, கழற்றும் பேட்டரி மறைந்தது. ரேடியோ மெக்கானிக் திறந்து பார்க்க முடிந்த பெட்டி, திறக்கவே கூடாத பெட்டியானது. புதிது வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், மெமரியை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

புதிது வாங்கச் சொல்பவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8-ல். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல். ஆதரவு முடிந்தது என்றால், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைக்க ஆளில்லை என்று பொருள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகள்கூடத் திணறின. அதற்கான அடைப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களும் காலம் முடிந்த விண்டோஸ் வைத்திருந்தவர்களும் மாட்டினார்கள். ஆகவே பாதுகாப்பு இல்லாத லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவரிடம், அது ஓடுகிறதே என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதச் சம்பளம் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அப்பாசியாவில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு நின்றது. அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைப் பிராசசரும் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017 ஆகஸ்டில்தான். 2016-ல் ஒருவர் கடையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தாலும் அது பட்டியலுக்கு வெளியே. தூசி செய்யாததை ஒரு தேதி செய்துவிடுகிறது. ஒரு லேப்டாப் தன் ஆயுளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கெடுதலில் பெரும்பகுதி, அது தயாராகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது என்று தயாரிப்பாளர்களின் சொந்தக் கணக்குகளே காட்டுகின்றன. அப்படி இருக்க, ஓடுவதை நிறுத்திவிட்டு இன்னொன்றைச் செய்யச் சொல்வது எந்த ஊர் சிக்கனம்?

தங்கை மகனிடம் இருப்பது அந்த 2016 லேப்டாப்தான். 2022 லீவில் நான் கொடுத்துவிட்டு வந்தது. அவன் கணக்குப் படிக்கிறான், டாலி வேண்டும். அது விண்டோஸில் ஓடும் மென்பொருள். முழுக்க லினக்ஸுக்கு மாறிவிடு என்று அவனிடம் சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். மைக்ரோசாஃப்ட் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறது, அமைப்புகளில் போய் முதலில் அதில் பதிவு செய் என்றேன். பக்கத்திலேயே லினக்ஸை ஏற்றி, இணையத்தில் உலாவுவதையும் பணம் கட்டுவதையும் அதில் வைத்துக்கொள். நீட்டிப்பு முடிந்ததும் விண்டோஸில் டாலி மட்டும், நெட் கனெக்ஷன் இல்லாமல். முதலில் விசிறியைத் துடை. மாதம் கொஞ்சம் சேர்த்து வை. புதிது வாங்குவது உனக்கு வேலை கிடைத்த பிறகு இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். வைக்கப்போகும்போது, "மாமா, அடுத்த லீவுக்கு வரும்போது இந்த அரபி எழுத்து மேல ஒட்டுறதுக்குத் தமிழ் ஸ்டிக்கர் கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்றான். தமிழ் ஸ்டிக்கரை நான் அப்பாசியாவில் எங்கே போய்த் தேட? பட்டுக்கோட்டையில் கிடைத்தால் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கி வை என்றேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது இப்போது மேசை மேல் இருக்கிறது.