உள்ளூர்க் கோரிக்கையும் அரசநிந்தனையும்: 1908 தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை நகர வரலாறாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

1908 பிப்ரவரி 27 முதல் மார்ச் 6 வரை தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் நடத்திய ஒன்பது நாள் வேலைநிறுத்தம், பெரும்பாலும் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றுக்குள்ளும் சுதேசி இயக்க வரலாற்றுக்குள்ளும் வைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனைத் தூத்துக்குடி என்னும் நகரின் வரலாறாக அணுகுகிறது. கூலி, வார விடுமுறை ஆகிய உள்ளூர்க் கோரிக்கைகள் உள்ளூரிலேயே பேசித் தீர்க்கப்பட்டதையும், அத்தீர்வுக்குப் பின் ஒரே வாரத்தில் அந்நிகழ்வுகள் அரசநிந்தனை என்னும் சட்டமொழிக்குள் கொண்டுசெல்லப்பட்டதையும், அம்மாற்றத்தில் தொழிலாளரின் கோரிக்கை பின்தள்ளப்பட்டதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறிச்சொற்கள்: தூத்துக்குடி, கோரல் ஆலை, முத்துக்குளித்துறை, வார விடுமுறை, வ.உ.சி., அரசநிந்தனை, நகர வரலாறு.

முன்னுரை

ஒரு நகரின் அன்றாடச் சிக்கல்கள் அந்நகரத்தாருக்குச் செய்தி. வெளியூராருக்கு அவை எப்போதாவதுதான் செய்தியாகின்றன. கலவரமோ கைதோ நிகழும்போது வெளியுலகின் பார்வை அந்நகர்மீது விழுகிறது. அப்பார்வை விட்டுச்செல்லும் ஆவணங்களே பிற்கால வரலாற்றாசிரியனுக்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. ஆகவே, சிக்கலின் தொடக்கத்தைக் காட்டிலும் அதன் முடிவே வரலாற்றில் மிகுதியாகப் பதிவாகிறது. 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

அவ்வாண்டு மார்ச் 13 அன்று நிகழ்ந்த திருநெல்வேலி எழுச்சி பற்றி விரிவான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ குறிப்பிடத்தக்கது. எழுச்சிக்கு முந்தைய இரு வாரங்களில் தூத்துக்குடியில் நடந்தவற்றை, எழுச்சிக்கான முன்னோட்டமாகக் கொள்ளாமல் தனித்ததொரு நகர நிகழ்வாகக் கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கரையும் ஆலையும்

1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தூத்துக்குடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 ஆயிரம். 1866இல் நகராட்சி அமைந்தது. 1876இல் மணியாச்சி வழியாக இருப்புப்பாதை வந்தது. கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் பயணிகளையும் கப்பலுக்கும் கரைக்குமிடையே கொண்டுசெல்வதில் தோணிகளும் படகுகளும் அவற்றில் உழைத்தோரும் இன்றியமையாதவர்கள். கொழும்புக்குச் செல்லும் பயணிகள் பெரும்பாலும் இத்துறைமுகத்தையே நாடினர். 1914இல் அப்போக்குவரத்துத் தனுஷ்கோடிக்கு மாறும்வரை இந்நிலை நீடித்தது.

இக்கரையின் பழைய தொழில் முத்துக்குளித்தல். அரசின் முற்றுரிமையாக இருந்த முத்துச் சலாபம் ஆண்டுதோறும் நடைபெறுவதன்று. முத்துப் பார்களில் சிப்பி விளைந்துள்ளதெனத் தெரிந்த பின்னரே அறிவிப்பு வெளியாகும்; இரு சலாபங்களுக்கு இடையே பல ஆண்டுகள் கழிவதும் உண்டு. 1961இல் நடந்ததே தூத்துக்குடிக் கரையின் கடைசிச் சலாபம். ஆங்கிலேயர் காலத்தில் குளியாள் நாட்கூலி பெறவில்லை. எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குச் சென்றது. மூன்றில் ஒரு பங்கு அவனுக்குக் கிடைத்தது. உழைப்பு என்பது பருவத்தாலும் பங்காலும் அளக்கப்பட்டது. கத்தோலிக்கரான பரதவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை என்பது இன்றளவும் இக்கரையில் காணத்தக்க வழக்கம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது இவ்வூருக்குப் புதிய கருத்தன்று.

1888இல் ஹார்வி சகோதரர்களின் நிருவாகத்தில் கோரல் நூற்பாலை தொடங்கப்பட்டபோது, உழைப்பின் அளவுகோல் மாறியது. பருவத்தின் இடத்தை மணிக்கணக்கும், பங்கின் இடத்தைக் கூலியும் பெற்றன. ஆலையில் சிறுவர்களும் வேலை செய்தனர். 1891ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலை நேர வரம்பு விதித்ததோடு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறைக்கும் வழிசெய்திருந்தது. வயதுவந்த ஆண் தொழிலாளரின் வேலை நேரத்திற்கு வரம்பு விதிக்கப்பட்டது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். இப்பின்னணியில் நோக்கினால், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கேட்ட வார விடுமுறை, கரையோர வழக்கத்தில் ஏற்கெனவே இருந்ததும் சட்டத்தில் 17 ஆண்டுகளுக்கு முன்பே இடம்பெற்றதுமாகும். அதனைப் பெற அவர்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது என்பதே கருதத்தக்கது.

2. ஒன்பது நாள்கள்

ஒட்டப்பிடாரத்தினரான வ.உ.சி. தூத்துக்குடியில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி வந்தார். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் செயலாளராகவும் விளங்கினர். கப்பல் கட்டணப் போட்டியால் சுதேசி, அந்நியம் என்னும் வேறுபாடு இந்நகரில் மேடைப்பேச்சாக மட்டும் நில்லாது, பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் நாள்தோறும் முடிவுசெய்ய வேண்டிய ஒன்றாயிற்று. ஆலைத் தொழிலாளரின் சிக்கலை நகரம் தன் சிக்கலாக ஏற்றமைக்கு இச்சூழல் துணைசெய்தது எனலாம்.

1908 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை, வ.உ.சி. ஆலைத் தொழிலாளரின் நிலை குறித்துப் பேசினார். சுப்பிரமணிய சிவாவும் அந்நாள்களில் தூத்துக்குடியில் தங்கித் தொடர்ந்து சொற்பொழிவாற்றி வந்தார். பிப்ரவரி 27 அன்று ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். அவர்களுக்கெனத் தொழிற்சங்கம் எதுவும் இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918 ஏப்ரலில்தான் என்பதை நினைவிற்கொண்டால், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் ஆயிரம் பேர் ஒன்பது நாள் கலையாது நின்றமை எளிய செய்தியன்று.

அவர்களை நிலைநிறுத்தியது நகரமே. கூலி இழந்தோருக்கு ஊராரிடம் பணமும் பொருளும் திரட்டப்பட்டன. சிலருக்கு மாற்று வேலைகள் தேடித் தரப்பட்டன. மார்ச் 6 அன்று ஆலை நிருவாகம் பேச்சுவார்த்தைக்கு இசைந்தது. வ.உ.சி. தொழிலாளர் ஐம்பதின்மரை உடன் அழைத்துச் சென்றார். ஊதிய உயர்வும் வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் ஏற்கப்பட்டன. மறுநாள் தொழிலாளர் பணிக்குத் திரும்பினர்.

இதில் இரு கூறுகள் கவனத்திற்குரியன. முதலாவது, பேச்சுவார்த்தைக்குத் தலைவர் மட்டும் செல்லாமல் தொழிலாளரும் சென்றமை. இரண்டாவது, தீர்வு முற்றிலும் ஊருக்குள்ளேயே எட்டப்பட்டமை. நீதிமன்றமோ மாநில அரசோ இதில் தீர்ப்பளிக்கவில்லை. கோரிக்கை வைத்தோரும் அதனை ஏற்றோரும் ஒரே நகரில் எதிரெதிரே அமர்ந்து முடிவுசெய்தனர்.

3. சவரக்கத்தியும் ஊர்விலக்கும்

வேலைநிறுத்தக் காலத்தைப் பற்றி வ.உ.சி. வரலாறுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. தொழிலாளருக்கு எதிரானவர் எனக் கருதப்பட்ட வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவருடைய நிலைப்பாட்டை அறிந்ததும் பாதியிலேயே எழுந்து சென்றுவிட்டார் என்பதே அது. இச்செய்தி பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்காகவே சொல்லப்படுகிறது. அதன் சமூகப் பொருளை இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

நாவிதரையும் வண்ணாரையும் தடுத்து ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் ஊர்விலக்கு, தமிழகக் கிராமங்களில் ஆதிக்க சாதியினரின் கைக்கருவியாக இருந்தது. யாருக்குப் பணி செய்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை அதில் நாவிதருக்கு இருந்ததில்லை. ஊர்ப் பெரியவர்கள் முடிவுசெய்வதை நிறைவேற்றுவதே அவர் கடமை. 1908இல் தூத்துக்குடியில் அதே கருவி கைமாறியது. யாருக்குப் பணி செய்வது என்பதை நாவிதரே முடிவுசெய்தார். மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானபின் நாவிதரும் வண்ணாரும் குதிரைவண்டி ஓட்டுவோரும் நகராட்சிப் பணியாளரும் வேலையை நிறுத்தினர் என்பதோடு இதனை இணைத்துக் காணவேண்டும். சாதித் தொழில் என்னும் கட்டு, சில நாள்களுக்கேனும், நகர உழைப்பாளரின் கூட்டு மறுப்பாக உருமாறியது. சுதேசி இயக்கத்தின் அந்நியப் பொருள் விலக்கு என்னும் கொள்கை, இவ்வூரில் ஏற்கெனவே அறியப்பட்ட ஊர்விலக்கு வழக்கத்தின் வழியாகவே வேர்கொண்டது என்று கருத இடமுண்டு.

4. கோரிக்கை வழக்கான விதம்

தொழிலாளர் பணிக்குத் திரும்பிய மார்ச் 7க்கும் வ.உ.சி. கைதான மார்ச் 12க்கும் இடையே வந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 8. மறுநாள் விபின் சந்திரபாலின் விடுதலையைக் கொண்டாடும் ஊர்வலமும் கூட்டமும் தடையை மீறி நடந்தன. மூன்று நாள்களுக்குப்பின் வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் திருநெல்வேலியில் சிறைப்படுத்தப்பட்டனர். மார்ச் 13 அன்று அங்குக் கடைகள் அடைக்கப்பட்டன. நகராட்சி அலுவலகம் உள்ளிட்ட அரசுக் கட்டடங்கள் தீக்கிரையாயின. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் தமக்கென எதுவும் கேட்கவில்லை. திலகர் தண்டிக்கப்பட்டதை எதிர்த்து 1908 சூலையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் நடத்திய ஆறு நாள் வேலைநிறுத்தத்திற்கு நான்கு மாதம் முற்பட்டது இது.

இதன்பின் அரசின் நடவடிக்கை நகரம் முழுவதையும் நோக்கித் திரும்பியது. தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதற்கான செலவு நகர மக்கள்மீது வரியாக விதிக்கப்பட்டது. வேலைநிறுத்தத்திற்கு நகரமே பொறுப்பு என்பதை அரசு தன் வரிவிதிப்பின் வாயிலாகவே ஒப்புக்கொண்டது எனலாம்.

வழக்கு வேறு திசையில் சென்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ் அரசநிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. வ.உ.சி.மீது சாட்டப்பட்டவற்றுள், சிவாவுக்கு உணவும் உறைவிடமும் தந்து அவருடைய பேச்சுகளுக்கு உடந்தையாயிருந்தார் என்பதும் ஒன்று. ஊரில் விருந்தோம்பல் எனப்படுவது நீதிமன்றத்தில் உடந்தை எனப்பட்டது. 1908 சூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் இத்தண்டனைகள் குறைக்கப்பட்டன. வழக்கின் மையம் பேச்சும் அதன் அரசெதிர்ப்புத் தன்மையுமே. தொழிலாளரின் கூலி நியாயமானதா, வார விடுமுறைச் சட்டம் ஆலையில் நடைமுறையில் இருந்ததா என்பன அவ்வழக்கு விடைதேட வேண்டிய வினாக்களாக இல்லை.

5. சான்றுகளின் சாய்வு

இந்நிகழ்வுகளுக்கான சான்றுகள் நான்கு வகையின. காவல்துறையினர் கூட்டங்களில் எடுத்த குறிப்புகளும் அரசு ஆணைகளும் முதல் வகை. நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டாம் வகை. ‘சுதேசமித்திரன்’, ‘இந்தியா’ முதலிய இதழ்களும், இந்திய மொழி இதழ்களை அரசு வாரந்தோறும் சுருக்கித் தொகுத்த அறிக்கைகளும் மூன்றாம் வகை. வ.உ.சி.யின் செய்யுள்வடிவ சுயசரிதையும் அவரைப் பற்றிய நூல்களும் நான்காம் வகை.

இந்நான்கிலும் பேசுவோர் அதிகாரிகளும் தலைவர்களும் இதழாளர்களுமே. தொழிலாளர் ‘ஆயிரம் பேர்’, ‘ஐம்பதின்மர்’ என எண்களாக வருகின்றனர். நிருவாகத்தின் எதிரே அமர்ந்த அந்த ஐம்பதின்மர் ஆலையின் எப்பிரிவினர், எச்சமூகத்தினர், அவர்களுள் கடல்தொழிலிலிருந்து வந்தோர் உண்டா என்னும் வினாக்கள் நகர வரலாற்றின் அடிப்படை வினாக்களாகும். அரசநிந்தனை என்னும் சட்டகத்திற்கு இவ்வினாக்கள் தேவைப்படவில்லை. தேசிய இயக்க வரலாறும், தலைவரின் தியாகத்தைப் போற்றும் முனைப்பில், அச்சட்டகத்தின் எல்லையைத் தன்னையறியாமல் ஏற்றுக்கொண்டது. அரசு எவரைக் குற்றவாளியாகக் கண்டதோ அவரையே தேசிய வரலாறு நாயகராகக் கண்டது. இரண்டின் பார்வையும் ஒரே முகத்தின்மீது குவிந்தது.

இதனை ஈடுசெய்யும் ஆவணங்கள் நகரின் அன்றாட நடைமுறைகளில் தேடப்பட வேண்டியவை. நகராட்சித் தீர்மானப் பதிவுகள், தண்டக் காவல் வரிக்கான பட்டியல்கள், தேவாலயங்களின் திருமுழுக்கு மற்றும் திருமணப் பதிவேடுகள், பள்ளிவாசல் கணக்குகள், ஆலையின் கூலிப் பதிவுகள் ஆகியவை அரசியல் ஆவணங்களாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பெயர்கள் இருக்கக்கூடிய இடங்கள் அவையே.

முடிவுரை

1908 மார்ச் 6 அன்று தூத்துக்குடியில் ஒரு சிக்கல் தீர்க்கப்பட்டது. அத்தீர்வு கரையோர வழக்கத்திற்கும் அன்றைய சட்டத்திற்கும் முரணானதன்று. நகரத்தாரின் உதவியும் தொழிலாளரின் உறுதியும் வ.உ.சி.யின் வழிகாட்டலும் சேர்ந்து அதனைச் சாத்தியமாக்கின. அடுத்த ஒரு வாரத்திற்குள் நடந்த கைதும் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும் அத்தீர்வை வரலாற்றின் ஓரத்திற்குத் தள்ளின.

வ.உ.சி.யின் பெருமையை இவ்வாசிப்பு குறைக்கவில்லை. ஆலை முதலாளியின் எதிரே தொழிலாளரையும் உடன் அமர்த்தியவர் அவர். அவருடன் சென்ற ஐம்பதின்மரையும், அவர்களுக்காகப் பணம் திரட்டியோரையும், கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோன நாவிதரையும் சேர்த்துப் பார்க்கும்போதே அச்செயலின் முழுப்பொருள் விளங்கும். துறைமுகத்திற்கு இன்று வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்த ஐம்பதின்மரின் பெயர்களைக் கண்டறிவது தூத்துக்குடி நகர வரலாற்றாய்வின் முன்னுள்ள பணியாகும்.