தூத்துக்குடி - கொழும்பு பயணத் தொலைவு

தூத்துக்குடி - கொழும்பு பயணத் தொலைவு என்பது தமிழ்நாட்டின் தூத்துக்குடிக்கும் இலங்கையின் கொழும்புக்கும் இடையே மன்னார் வளைகுடாவைக் கடந்து செல்லும் தொலைவையும் பயண நேரத்தையும் குறிக்கும். வாகைகுளத்தில் உள்ள தூத்துக்குடி வானூர்தி நிலையத்துக்கும் கட்டுநாயக்காவில் உள்ள பண்டாரநாயக்கா பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 266 கி.மீ. ஆகும். இது தூத்துக்குடி - சென்னை வான்வழித் தொலைவில் பாதியளவே. ஆயினும் இவ்விரு நிலையங்களுக்கும் இடையே நேரடி வானூர்திச் சேவை இல்லை.

வான்வழி

தூத்துக்குடி வானூர்தி நிலையம் 1992 இல் தொடங்கப்பட்டது. இங்கிருந்து உள்நாட்டுச் சேவைகளே இயங்குகின்றன. ஓடுதளம் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டு, புதிய முனையம் 2025 சூலை 26 இல் திறக்கப்பட்டது. சென்னை வழியாகக் கொழும்பு செல்லும் பயணி முதலில் வடக்கே 530 கி.மீ., பின்னர் தெற்கே 645 கி.மீ. என ஏறத்தாழ 1,175 கி.மீ. பறக்க வேண்டும். இது நேர்கோட்டுத் தொலைவைப் போல் நான்கு மடங்குக்கும் மேலாகும். பறக்கும் நேரம் மூன்று மணி அளவே எனினும், சென்னையில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் ஒரு பகல் கழிந்துவிடும். சாலைவழி ஏறத்தாழ 140 கி.மீ. சென்று, 2012 இல் கொழும்புச் சேவை தொடங்கிய மதுரையில் வானூர்தி ஏறுவது இதனினும் குறுகிய வழியாகும்.

கடல்வழி

கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 150 கடல் மைல். முத்துக்குளிக்கும் காலங்களில் இக்கரைக் குளியாட்கள் இலங்கையின் மன்னார்க் கரைக்குச் சென்று வந்தனர். தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை 1876 இல் வந்தது. பின்னர் சென்னையிலிருந்து போட் மெயில் தொடருந்தில் வந்து இறங்கிய பயணிகள் நீராவிக் கப்பலில் ஓரிரவில் கொழும்பை அடைந்தனர். கரையோரக் கடல் ஆழம் குறைந்தது என்பதால் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன. பயணிகள் படகில் சென்று ஏறினர்.

இவ்வழியில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குப் போட்டியாக வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். எஸ். எஸ். காலியா, எஸ். எஸ். லாவோ ஆகிய கப்பல்கள் அதற்கு உரியவை. எதிர்த்தரப்பு கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை ஈர்த்தது. 1908 இல் வ. உ. சி. சிறை சென்ற பின்னர்ச் சங்கம் நலிந்து, 1911 இல் கலைக்கப்பட்டது.

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திருப்பிவிடப்பட்டது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கடல்வழி மிகக் குறுகியது என்பதே காரணம். தூத்துக்குடி அதன் பின்னர்ப் பெரிதும் சரக்குத் துறைமுகமாகவே விளங்கியது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற தோணிகளும் இதில் அடங்கும்.

மீண்டும் பயணிகள் கப்பல் 2011 சூன் 13 இல் விடப்பட்டது. ஸ்கோடியா பிரின்ஸ் என்னும் அக்கப்பல் மாலையில் புறப்பட்டு மறுநாள் காலை கொழும்பைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் அச்சேவை நின்றது. 2023 அக்டோபரில் இலங்கைக்குத் தொடங்கப்பட்ட பயணிகள் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கே செல்கிறது.