விறகுக் கணக்கு

மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் நெடுஞ்சாலையில், டி. கல்லுப்பட்டியைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுவதற்கு முன்னால், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் இடத்தில் இருக்கும் கிருஷ்ணன்கோவிலை இன்று அங்குள்ள கலாசாலையைக் கொண்டே அறிகிறவர்கள் அதிகம். ஆனால் எரிபொருளின் சரித்திரத்தை ஆராயப் புகுகிறவனுக்கு அவ்வூரின் விசேஷம் அதன் இருப்பிடத்திலேயே அடங்கியிருக்கிறது. மேற்கே மழை மேகங்களைத் தடுத்து நிற்கும் மலைத்தொடரும் அதன் அடிவாரக் காடும். நடுவே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைத் தேக்கிவைக்கும் கண்மாய்கள். கிழக்கே போகப் போக மானத்தை நம்பிப் பருத்தியும் துவரையும் கம்பும் விதைக்கும் கரிசல் பூமி. மலை விறகு, கண்மாய்க் கருவேலம், கரிசல் காட்டு மார் என்று, தாவரத்திலிருந்து மனிதன் பெறும் எரிபொருளின் மூன்று வகைகளும் அரைநாள் நடைக்குள் கிடைத்த பிரதேசம் இது. அம்மூன்றையும் வெவ்வேறு காலத்தவர் வெவ்வேறு கோல்களால் அளந்திருக்கிறார்கள். எந்தக் கோலைக் கையில் எடுத்தார்கள் என்பதைப் பார்த்தாலே எதைக் காண விரும்பினார்கள் என்பது விளங்கிவிடுகிறது.

பழைய நாளில் இவ்வட்டாரத்துக் குடியானவன் வீட்டு அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் மரமன்று. பருத்தி எடுத்து ஓய்ந்தபின் பிடுங்கிக் கட்டிய பருத்திமார், துவரைமார், பனைமட்டை, வேலிமுள், வரட்டி, அடிவாரத்தில் பொறுக்கிய சுள்ளி ஆகியவைகொண்டே வருஷம் முழுவதும் சமையல் நடந்தது. விறகு என்று சொல்லத்தக்க கட்டை, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும், செங்கல் சூளைக்கும், சுண்ணாம்புக் காளவாசலுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவா கிண்டும் பெரிய அடுப்புக்குமே வேண்டியிருந்தது. 1975-இல் எரிக் எக்கோம் என்ற அமெரிக்கர், ஏழை நாடுகளின் உண்மையான எரிபொருள் நெருக்கடி பெட்ரோல் அன்று, விறகே என்று எழுதியது முதல், காட்டை அழிப்பது ஏழையின் அடுப்பே என்ற அபிப்பிராயம் உலகெங்கும் பரவிற்று. அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஏ. கே. என். ரெட்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் தும்கூர் ஜில்லாவில் ஆறு கிராமங்களை வீடு வீடாக ஆராய்ந்தபோது, கிராமத்து அடுப்பில் எரிவது வெட்டிய மரம் அல்ல, பெரும்பாலும் உதிர்ந்த சுள்ளியும் ஒடித்த கிளையுமே என்று தெரியவந்தது. நம் கரிசல் காட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இத்தகைய பெண்களைக் கேட்பதற்கு ஒரு விஞ்ஞானக் கழகம் வேண்டியிருந்தது.

காட்டை முதலில் பெரிய அளவில் தின்றது ரயில். சென்னை ராஜதானியில் 1856-இல் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஹ்யூ கிளெக்ஹார்ன் காலத்திலேயே, ரயில் எஞ்சின்களுக்கும் தண்டவாளக் கட்டைகளுக்கும் மரம் எங்கிருந்து வரும் என்பது சர்க்காருக்குப் பெரிய விசாரமாகிவிட்டது. கிழக்குக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்ததற்கு எஞ்சினின் பசி ஒரு முக்கிய காரணம். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம், அதுவரை சுற்றுப்புறத்தார் தம்முடையதாகப் பாவித்த மலைகளைக் காப்புக்காடாக்கி, சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் விதிக்க வழி செய்தது. வன இலாகாவின் கோல் ரூபாய். ஒரு மலைச்சரிவு எத்தனை சுமை விறகை ஆண்டுதோறும் கொடுத்தும் குறையாமல் நிற்கும் என்பதைக் காட்டிலும், எத்தனை சுமைக்குக் காசு வசூலாயிற்று என்பதே அறிக்கைகளில் தெளிவாகப் பதிவாயிற்று. பிற்காலத்தில், 1980-களின் இறுதியில் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் ஏற்பட்டபோது, கோல் மறுபடியும் மாறி, சும்மாடு வைத்து நடந்த பாதைகள் பெரும்பாலும் மூடப்பட்டன.

இடையில் யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ் முதலாளிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த 1940-களின் முற்பகுதியில், வண்டியின் பின்புறத்தில் இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்து, அதிலிருந்து கிளம்பும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்தும் உபாயம் தேசமெங்கும் பரவிற்று. மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தார் அத்தகைய வாயுக்கலத்தைத் தாமே தயாரித்து விற்றார்கள். கரி பஸ் என்று ஜனங்கள் அழைத்த அந்த வாகனம் புறப்படுவதற்கு முன் கிளீனர் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றிக் கனலை ஊதவேண்டியது. ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியது. ஊர் போய்ச் சேர்ந்த பின் அவர்களுடைய வேஷ்டியின் வெண்மையைப் பற்றிப் பேசாமலிருப்பதே நலம். இன்று உயிர்ம எரிபொருள் என்று புதிய கண்டுபிடிப்புப்போலப் பேசப்படும் விஷயம் எண்பது வருஷங்களுக்கு முன்பே நம் சாலைகளில் புகை கக்கிக்கொண்டு ஓடியது என்பதை எண்ணினால் சற்று வேடிக்கையாக இருக்கிறது. கரி சுடும் மூட்டத்தில் ஒரு கிலோ கரி இறக்க நாலைந்து கிலோ விறகு அழிகிறது. அப்படியிருக்க, அந்தக் கரிக்காக எத்தனை மரம் விழுந்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்? மிச்சமான பெட்ரோலுக்குத்தான் கணக்கு இருந்தது. யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் பீப்பாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இந்தக் கணக்கைப் பற்றி அதே காலத்தில் மிக ஆழமாகச் சிந்தித்த ஒருவர், தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளைக் கிருஷ்ணன்கோவிலுக்கு வடக்கே, இதே சாலையில் உள்ள டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார் என்பதை இவ்வட்டாரத்தாரிலேயே பலர் மறந்துவிட்டனர். ஜே. சி. குமரப்பா தொழிலால் தணிக்கையாளர். லண்டனில் கணக்கியல் பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரம் கற்று, பம்பாயில் பெரிய கம்பெனிகளின் ஏடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், காந்தியடிகளைக் கண்டபின் தேசத்தின் ஏட்டைச் சரிபார்க்கத் தொடங்கினார். சிறைவாசத்தில் அவர் எழுதி 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்த, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலில், உலகத்துச் செல்வங்களை அவர் இரண்டாகப் பிரித்தார்: நிலக்கரி, பெட்ரோலியம் போன்று எடுக்க எடுக்கக் குறைந்துகொண்டே போய் ஒருநாள் தீர்ந்துபோகும் இருப்புகள் ஒருபுறம், ஓடும் நீர், வளரும் மரம் போன்று மறுபடி மறுபடி வந்துகொண்டிருக்கும் வரவுகள் மறுபுறம். இருப்பின்மேல் கட்டிய வாழ்க்கை, பங்குக்கு அடித்துக்கொண்டு யுத்தத்தில் முடியும் என்பது அவர் சித்தாந்தம். மரம் வரவினத்தைச் சேர்ந்தது என்பதற்காக எல்லா மர எரிபொருளும் நல்லது என்று அதனால் ஆகிவிடாது. வளர்கிற வேகத்துக்குமேல் வெட்டினால் வரவும் இருப்பாகிவிடும். முதலைச் செலவழித்துவிட்டு அதை லாபம் என்று எழுதுகிற ஏட்டில் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார். இந்தத் துறையில் இன்று எழுதப்படும் பெரிய பெரிய அறிக்கைகளில் பலவற்றைவிட இந்த ஒரு பாகுபாடு எனக்குத் தெளிவாகப்படுகிறது. குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

அவருடைய பாகுபாட்டையும் திணறவைத்த ஒரு மரம் இந்தப் பிரதேசத்தில் இருக்கிறது. சென்னை ராஜதானியின் வன அதிகாரி பெட்டோம் 1876-இல் கேட்டுக்கொண்டபடி ஜமெய்க்காவிலிருந்து விதை வந்து, கடப்பைப் பக்கத்தில் முதலில் நடப்பட்ட சீமைக்கருவேலம், காலப்போக்கில் பழைய ராமநாதபுரம் ஜில்லா முழுவதையும் தன் ஆட்சிக்குக் கொண்டுவந்துவிட்டது. எரிபொருள் என்ற ஒரே கோலால் அளந்தால் அதற்கு இணையில்லை: நடவேண்டாம், நீர் பாய்ச்சவேண்டாம், ஆடு மாடு இலையைத் தொடுவதில்லை, வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைத்து மூன்று நான்கு வருஷங்களில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடுகிறது, கனல் நின்று எரிகிறது. மழை பொய்த்து விதைப்பு காய்ந்துபோன ஆண்டுகளில், நிலத்தை இந்த முள்ளுக்கு விட்டுவிட்டு, மரத்தைத் துண்டு போட்டு அடுக்கித் தழையும் மண்ணும் மூடி மூட்டம் போட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து வேக்காட்டை அறிந்து, கரியாக்கி லாரியேற்றி ஜீவனம் நடத்திய குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. குமரப்பாவின் கணக்கில் இது குறைவற்ற வரவு. ஆனால் கண்மாய்க்குள் புகுந்து நீர்ப்பிடிப்பை அடைத்ததும், மேய்ச்சல் தரையை முட்காடாக்கியதும், நாட்டு மரங்களைத் தலையெடுக்கவிடாமல் செய்ததும் அதே ஏட்டின் எந்தப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்? விறகு வற்றாமல் வந்தது. வற்றியது விறகல்லாத மற்றவை.

கண்மாய்களைப் பொறுத்தவரை சர்க்காருக்கும் பங்குண்டு. 1960-களிலிருந்தும், பின்னர் 1981 முதல் ஸ்வீடன் உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழும், கண்மாய்களின் உட்பகுதியில் நாட்டுக் கருவேலம் ஏராளமாக நடப்பட்டது. கிராமத்துக்கு விறகு என்பது உத்தேசம். முதிர்ந்த மரங்களோ ஏலம் போய்ப் பட்டணத்துக்குச் சென்றன. 1990-களுக்குப் பிறகு சீமைக்கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் தென் ஜில்லாக்களில் எழும்பியபோது இன்னொரு கேள்வி பிறந்தது. பத்து மெகாவாட் நிலையம் ஒன்று இடைவிடாது ஓடினால், யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 300 டன் அளவுக்கு விறகு தின்னும். இலவசமாகக் கிடந்த முள்ளுக்கு விலை வந்தது. விலை வந்தபின், அதைப் பொறுக்கி அடுப்பெரித்தவள் என்ன எரித்தாள் என்பதை நிலையத்தின் மின் அளவைக் கருவி காட்டாது.

காட்டாமணக்கின் கதை சுருக்கமானது. 2003-இல் திட்டக் கமிஷன் அறிக்கை, ஹெக்டேருக்கு 2500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3.75 டன் என்று பெருக்கிக் காட்டிற்று. தரிசு நிலத்தில் டீசல் விளையும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2009-இல் வந்த தேசிய உயிர்ம எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டில் காட்டாமணக்கு நட்ட தோட்டங்களை நேரில் ஆராய்ந்து 2010-இல் ஆரிஸா-மொன்டோபியோவும் சரச்சந்திர லேலேயும் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே என்றும், தரிசு என்று ஏட்டில் சொன்னது பல இடங்களில் குடியானவன் கடலையும் சோளமும் பயிரிட்ட நிலமே என்றும் காட்டியது. காகிதத்தில் பெருக்கல் தவறவில்லை. பெருக்கப்பட்ட எண்கள்தாம் எந்த வயலிலிருந்தும் வந்தவை அல்ல.

இத்தகைய ஏமாற்றங்கள் பல தேசங்களில் நேர்ந்தபின், ரோமாபுரியில் உணவு விவசாய ஸ்தாபனத்தை இருப்பிடமாகக் கொண்ட உலக உயிர்ம ஆற்றல் கூட்டமைப்பு, 2011-இல் 24 குறியீடுகளை வகுத்தது: சுற்றுச்சூழலுக்கு எட்டு, சமூகத்துக்கு எட்டு, பொருளாதாரத்துக்கு எட்டு. கொலம்பியாவிலும் இந்தோனேஷியாவிலும் பரீட்சித்தார்கள். நிலம் யாருடையது, உணவு விலை என்னாயிற்று, நீர் எவ்வளவு என்பவற்றோடு, பெண்களும் பிள்ளைகளும் கூலியின்றி விறகு சேகரிக்கச் செலவிடும் நேரம் கூடிற்றா குறைந்ததா என்பதும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. சும்மாடு ஒரு சர்வதேச ஏட்டில் ஏற இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. 2015-இல் ராபர்ட் பெய்லிஸ் முதலானோர் வெளியிட்ட கணிப்பின்படி, உலகில் எடுக்கப்படும் விறகில் 27 முதல் 34 சதவீதமே வளர்ச்சியை மீறி எடுக்கப்படுவது. அப்படி மீறும் இடங்களில் தெற்காசியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் முன்னிற்கின்றன.

உலகத்துக்குச் சதவீதக் கணக்கு கிடைத்துவிட்டது. ஒரு கண்மாய்க்குக் கிடைப்பது கடினம். சீமைக்கருவேலத்தை அகற்றும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ஐ ஒட்டிப் பிறப்பித்த உத்தரவுகள், நிபுணர் ஆய்வை வேண்டிச் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டதும், 2022-இல் அயல் தாவரங்களை நீக்க மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டதும் அந்தச் சங்கடத்தின் அடையாளங்களே. இவ்வட்டாரத்தில் அந்த 24 குறியீடுகளையும் அளக்க யாரேனும் முன்வந்தால், கண்மாய் ஏலக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆனால் நின்ற மரத்தை மொத்தத் தொகைக்கு ஏலம் விடுவதே பெரும்பாலும் வழக்கமாகையால், அங்கே ரூபாய் கிடைக்கும், டன் கிடைக்காது. டன்னை அறிந்தவன் மூட்டம் போட்டவன். அவனைத்தான் முதலில் கேட்கவேண்டும்.