பெயர் நின்றது, ஆட்டம் போயிற்று



வரலாறு என்றவுடன் முடியரசுகளும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மக்கள் ஒரு பொருளை ஏன் விரும்பினார்கள், பின்னர் அதனை ஏன் கைவிட்டார்கள் என்பதும் வரலாறே ஆகும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. கணினியில் ஆடப்பெறும் விளையாட்டுகளுள் சில, ஒரே பெயரில் பல பாகங்களாக ஆண்டுக் கணக்கில் வெளிவந்து உலகெங்கும் பெரும் புகழ் பெற்றன. அவற்றுள் சில, புதுமை செய்யப் புகுந்து, தம்மை நாடி வந்தவர்களையே இழந்துவிட்டன. இஃது ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

மிகுதியாக மாறின, ஆகையால் கெட்டன என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது முழு விடையாகாது. காலம் மாறுங்கால் பழையன சில நீங்குவதும் புதியன சில சேர்வதும் குற்றமல்ல என்பது நன்னூலாரே ஒப்புக்கொண்ட விதி. ஆகவே மாற்றத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. எது மாறலாம், எது மாறலாகாது என்பதே நாம் காண வேண்டிய வேறுபாடு. அதனைக் காட்ட மூன்று விளையாட்டுகளின் கதையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, சிம்சிட்டி. அமெரிக்கரான வில் ரைட் என்பவர் 1984-இல் ஒரு விளையாட்டை வெளியிட்டார். ஹெலிகாப்டரில் பறந்து பகைவரின் தொழிற்சாலைகள்மீது குண்டு வீசுவது அந்த ஆட்டம். அதற்காகத் தீவுகளையும் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்து அமைக்கும்போது அவர் ஓர் உண்மையைக் கண்டார். குண்டு போட்டு அழிப்பதைவிட ஊரை அமைப்பதிலேயே அவருக்கு இன்பம் மிகுதியாக இருந்தது. நகரங்களின் வளர்ச்சியையும் தேய்வையும் கணித முறையால் விளக்கி ஜே ஃபாரஸ்டர் என்னும் அறிஞர் 1969-இல் எழுதிய நூலையும் அவர் கற்றார். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு புது விளையாட்டுக்கு வித்திட்டன. ஆனால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றிருந்த அந்த ஆட்டத்தை வெளியிட முன்வருவோர் அரிதாயினர். ஜெஃப் பிரான் என்பவருடன் சேர்ந்து 1987-இல் மேக்சிஸ் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1989-இல் சிம்சிட்டியை ரைட் வெளிக்கொணர்ந்தார்.

அந்த ஆட்டத்தின் இயல்பு யாது? ஆடுபவர் ஒரு நகரின் தலைவர். அவருக்கு வெறும் நிலம் தரப்படுகிறது. குடியிருப்புக்கு ஓரிடம், கடைக்கு ஓரிடம், தொழிலுக்கு ஓரிடம் என்று அவர் வகுக்கிறார், சாலை போடுகிறார், மின்சாரம் தருகிறார். மக்கள் தாமாகவே வந்து குடியேறுகின்றனர். வரியை உயர்த்தினால் வெளியேறுகின்றனர். வீட்டுக்கு அருகே தொழிற்சாலை வைத்தால் புகையால் அல்லலுறுகின்றனர். ஆட்டம் இன்னபொழுதில் முடியும் என்ற வரையறை இல்லை. ஆடுபவரின் பொறுமை எவ்வளவு பெரிதோ, நகரமும் அவ்வளவு பெரிது.

பின்வந்த பாகங்களில் மாற்றங்கள் வராமல் இல்லை. 1993-இல் வெளிவந்த பாகத்தில் நிலத்தைச் சாய்வாகப் பார்க்கும் காட்சியும், நிலத்தடியே குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையும் சேர்ந்தன. 1997-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனம் மேக்சிஸை வாங்கிக்கொண்டது. 2003-இல் வந்த நான்காம் பாகத்தில், மிகப் பெரிய நிலத்துண்டு பக்கத்துக்கு 4 கிலோமீட்டர் கொண்டது. அதாவது 16 சதுர கிலோமீட்டர். அத்தகைய துண்டுகளை அடுத்தடுத்து இணைத்து ஒரு வட்டாரத்தையே அமைக்கவும் முடிந்தது. இத்தனை மாற்றங்களையும் மக்கள் வரவேற்றனர்.

2013 மார்ச்சில் வந்த புதிய சிம்சிட்டியின் கதை வேறு. குடிமக்கள், வண்டிகள், மின்சாரம், தண்ணீர் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொருளாக இயங்கச் செய்யும் கணக்கீட்டு முறை அதில் புகுத்தப்பெற்றது. வளைந்த சாலைகள் போடலாம். காட்சியும் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கீடு கணினிக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே நகரின் நிலம் பக்கத்துக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டராகச் சுருங்கியது. முந்திய பெரிய துண்டில் அது கால் பங்கே என்பதைக் கணக்குப் பயிலும் நீங்கள் உடனே அறிவீர்கள். மேலும், தனியே ஆடினாலும் எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்று விதித்தனர். வெளியீட்டு நாட்களில் வந்து குவிந்த கூட்டத்தை நிறுவனத்தின் கணினிகள் தாங்கவில்லை. விலை கொடுத்து வாங்கியவர்கள் வாசலிலேயே காத்துக் கிடந்தனர். அமேசான் நிறுவனம் இணையவழிப் பதிப்பின் விற்பனையைச் சில காலம் நிறுத்தி வைத்தது. வாங்கியவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாகத் தந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இணைப்பின்றி ஆடும் வசதி 2014 மார்ச்சில்தான் கிடைத்தது.

கூட்ட நெரிசல் சில நாள் காய்ச்சல்; அது தணிந்துவிட்டது. நிலச் சுருக்கமோ பிறவிக் குறையாக நின்றது. ஒரு நகரைத் திங்கள் கணக்கில் பொறுமையாக வளர்க்க வந்தவர், சில மணி நேரத்தில் வேலியை முட்டிக்கொண்டார். அதற்குமேல் வளர்க்க வேண்டுமெனில், கட்டியதை இடிக்க வேண்டும்; அல்லது அடுத்த ஊரை நம்பியிருக்க வேண்டும். வளர்ப்பதே அந்த ஆட்டத்தின் உயிர். நூறு நயங்களைச் சேர்த்தவர்கள் அந்த உயிருக்கு இடம் விட மறந்தனர்.

2015 மார்ச் 4-ஆம் நாள், கலிஃபோர்னியாவின் எமரிவில் நகரில் இருந்த மேக்சிஸ் கூடம் மூடப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்த கலைஞர்கள் வேலை இழந்தனர். அடுத்து நிகழ்ந்தது வரலாற்றின் விந்தை எனலாம். ஆறே நாட்கள் கழித்து, மார்ச் 10-ஆம் நாள், ஃபின்லாந்தைச் சேர்ந்த கொலோசல் ஆர்டர் என்னும் சிறு நிறுவனம் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகர விளையாட்டை வெளியிட்டது. ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உள்ள ஒன்பது நிலத்துண்டுகளைப் படிப்படியாக வாங்கி அதில் நகரை விரிக்கலாம். இணைய இணைப்பு தேவையில்லை. முதல் நாளிலேயே இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம். ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். வளைந்த சாலையும், தனித்தனியே நடமாடும் குடிமக்களும் இதிலும் இருந்தன. எனவே மக்கள் புதுமையை வெறுக்கவில்லை. தாங்கள் தேடி வந்ததைப் பறித்துக்கொண்ட புதுமையையே வெறுத்தனர்.

இரண்டாவது, கமாண்ட் அண்ட் காங்கர் என்னும் போர் விளையாட்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1995-இல் இதனை வெளியிட்டது. நிலத்தில் விளையும் ஒரு கனிமத்தை வண்டியில் அள்ளி வந்து பணமாக்க வேண்டும். அப்பணத்தால் பாசறை அமைத்து, ஆலைகள் கட்டி, படை திரட்டிப் பகைவரை வெல்ல வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1998-இல் வெஸ்ட்வுட்டை வாங்கியது. 2003-இல் அதனை மூடியது. ஆயினும் 2007-இல் வந்த மூன்றாம் பாகம் பழைய நெறியைக் காத்துப் பாராட்டும் பெற்றது. 2010-இல் நான்காம் பாகம் வந்தது. கனிமம் திரட்டுவதும் இல்லை. பாசறை கட்டுவதும் இல்லை. நகர்ந்து செல்லும் ஓர் ஊர்தியே படைவீட்டுக்கு ஈடாயிற்று. ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய படைக்கும் உச்சவரம்பு கட்டினர். போர் விரைவாயிற்று, ஆனால் அதை விரும்பி ஆடியவர்கள் விலகினர். பின்னர் தொடங்கிய வேறொரு பாகமும் 2013-இல் கைவிடப்பட்டது. 2020-இல், முதல் இரு விளையாட்டுகளையும் புதுப் படங்களோடும் தெளிந்த இசையோடும், ஆட்ட விதிகளைப் பேணி, மீண்டும் வெளியிட்டனர். அவ்வேலையைச் செய்தவர்களுள் வெஸ்ட்வுட்டில் பணியாற்றிய பழைய கைகளும் இருந்தன. மக்கள் மகிழ்ந்து ஏற்றனர்.

அப்படியானால், பழமையை அப்படியே பாதுகாத்தால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்பதை மூன்றாவது கதை காட்டுகிறது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996-இல் ரெசிடென்ட் ஈவில் என்ற அச்ச விளையாட்டை வெளியிட்டது. இதனை ஆக்கியவர்களின் தலைவர் ஷின்ஜி மிகாமி. இருண்ட மாளிகை, கையில் எண்ணிச் செலவிட வேண்டிய சில தோட்டாக்கள், ஒரு கோணத்திலேயே அசையாது நிற்கும் காட்சி. மூலைக்கு அப்பால் காலடி ஓசை கேட்கும். வருவது யாரென்று தெரியாது. 2005-இல் வந்த நான்காம் பாகம் அந்த நிலைத்த காட்சியை நீக்கி, வீரனின் தோளுக்குப் பின்னிருந்து பார்க்கும்படி அமைத்தது. பெரிய மாற்றந்தான்; ஆயினும் அது பெரும் புகழ் பெற்றது. 2012-இல் வந்த ஆறாம் பாகமோ துப்பாக்கிச் சண்டையும் துரத்தலும் வெடிப்பும் நிறைந்ததாயிற்று. பிரதிகள் பல லட்சம் விற்றாலும், எதிர்பார்த்த விற்பனை அளவை நிறுவனமே குறைத்து அறிவிக்க நேர்ந்தது. அச்சம் எங்கே என்று பழைய அன்பர்கள் கேட்டனர். 2017-இல் வந்த ஏழாம் பாகம், ஆடுபவரின் கண்வழியாகவே அனைத்தையும் காட்டியது. வெளித்தோற்றத்தில் இதுவே பெரிய மாற்றம் எனலாம். ஆனால் ஒரு பாழடைந்த வீடு, சில தோட்டாக்கள், அடுத்த அறையில் என்ன இருக்குமோ என்ற நடுக்கம் ஆகியவை திரும்பி வந்தன. அன்பர்களும் திரும்பினர். உடை முழுவதும் மாறியும் உயிர் மாறவில்லை.

இம்மூன்று கதைகளிலும் ஆசிரியத் தொழிலில் பழகிய எனக்கு ஓர் ஒற்றுமை தென்படுகிறது. மாணவனின் வழியிலுள்ள இடர்களை நீக்குக என்று ஆசிரியர்ப் பயிற்சியில் கற்பிப்பார்கள். அது நல்ல விதி. ஆனால் சில இடர்களே பாடமாக இருக்கும். மங்கிய கரும்பலகை நீக்கத்தக்க இடர்; கணக்கைத் தானே போட்டு விடை காணும் உழைப்பு நீக்கத்தகாத இடர். அதனையும் நீக்கினால் மாணவனுக்கு வேலை எளிதாகும், பாடம் இராது. பாசறை கட்டும் உழைப்பும், தோட்டாவை எண்ணிச் செலவிடும் கவலையும், நகரை அங்குலம் அங்குலமாக விரிக்கும் பொறுமையும் இத்தகையனவே. ஆக்கியோர் சிலர் இவற்றைத் தொல்லை என்று எண்ணினர். ஆடியோருக்கோ இவையே இன்பத்தின் ஊற்று.

ஆக்கியவர்களை நான் தூற்றவில்லை. ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கலைஞனுக்குச் சலிப்பு வருவது இயல்பு. புதிய மக்களையும் கவர வேண்டும் என்ற கவலை வணிகருக்கு உண்டு. பழைய அன்பர் சொல்வதெல்லாம் சரி என்றும் கொள்ள முடியாது. நிலைத்த காட்சியை நீக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்போர் பலராக இருந்திருக்கக்கூடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எதை விரும்புகிறீர்கள் என்பதன்று. இதை ஆடும்போது என்ன செய்கிறீர்கள், அப்போது உள்ளம் என்ன உணர்கிறது என்பதே. அக்கேள்விக்கு விடை கண்ட பின், மற்றவை அனைத்தையும் துணிந்து மாற்றலாம்.

மாணவர்களே, நாளை உங்கள் கைக்கும் ஏதேனும் ஒன்று வந்து சேரும். கல்லூரி மலராகவோ, நாடகக் குழுவாகவோ, பெற்றோர் நடத்திய தொழிலாகவோ அஃது இருக்கலாம். அதைப் புதுக்குவது உங்கள் உரிமை; கடமையும் ஆகும். கை வைக்கும் முன், மக்கள் அதனிடம் எதை நாடி வருகிறார்கள் என்பதை அருகிருந்து பாருங்கள். பெயர்ப் பலகையைக் காப்பது எளிது. அந்தப் பலகையை நம்பி உள்ளே வருபவர் தேடி வந்ததைக் கண்டு திரும்பும்படி செய்வதே கடினம். காக்கத் தக்கதும் அதுவே.